அந்தப் பிள்ளையும் நம் மக்தபில்தான் ஓதும்

  

  

அபஸ சூராவை நம் மக்தபில் ஓதும் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்க்காமலே ஓதிவிடுவார்கள். குர்ஆனின் 80ஆவது சூரா, 42 வசனங்கள். ஆனால் அது யாருக்காக இறங்கியது என்று பிள்ளையை அழைத்துப் போக வரும் அத்தாவிடம் கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்.

மக்காவில் குரைஷித் தலைவர்கள் சிலர் நபி (ஸல்) அவர்கள் முன் அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் தீனுக்கு வந்தால் இவர்கள் பின்னால் ஒரு கூட்டமே வரும். அந்த ஆசையோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் வந்து, தனக்கு மார்க்கத்தைக் கற்றுத் தரும்படி கேட்கிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பேச்சு நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நபியவர்களின் முகத்தில் சிறு சுளிப்பு. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கடுஞ்சொல் கூட இல்லை.

கவனியுங்கள். வந்தவருக்குப் பார்வை இல்லை. முகம் சுளித்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் மனம் புண்படுவதற்கே வழியில்லை. அப்படி இருந்தும் அல்லாஹ் தன் ஹபீபைக் கண்டித்து வசனம் இறக்கினான். தேடி வந்தவரை விட்டுவிட்டு, தேவையில்லை என்றிருப்பவர்களைக் கவனிக்கிறீரே என்று கேட்டான். கியாமத் நாள்வரை தொழுகையிலும் மக்தபிலும் ஓதப்படும்படி அதை வைத்தான்.

பிறகு மதீனாவில் அதே இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபியவர்கள் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று பாருங்கள். முஅத்தினாக வைத்தார்கள். தாங்கள் போருக்குச் சென்றபோது பல முறை மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். ரமளானில் பிலால் (ரழி) அவர்கள் முதலில் பாங்கு சொல்வார்கள். அது கேட்ட பிறகும் ஸஹர் சாப்பிடலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்டால்தான் நிறுத்த வேண்டும். புகாரியில் இந்த ஹதீஸோடு ஒரு சிறு செய்தி சேர்ந்து வருகிறது: பொழுது விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொன்னால்தான் அவர்கள் பாங்கு சொல்வார்கள்.

நான் அரபிக் கல்லூரியில் இந்த ஹதீஸை ஓதியபோது இதை ஸஹருடைய சட்டமாகத்தான் ஓதினேன். இமாமத்துக்கு வந்து, பல வீடுகளின் வாசலில் நின்ற பிறகுதான் அந்தச் சிறு செய்தி கண்ணில் பட்டது. பார்வை இல்லாதவருக்கு விடியலை அறிவிக்கும் வேலை எதற்கு, கண் தெரிந்த ஒருவரை வைத்துவிட்டால் சுலபமாயிற்றே என்று நபி (ஸல்) அவர்கள் நினைக்கவில்லை. பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அவருக்குக் குறைவதை ஊரார் கொடுத்தார்கள். ஒரு ஊர் முழுவதும் அவருடைய குரலுக்காகக் காத்திருந்து நோன்பு வைத்தது.

இதை இன்று ஏன் பேசுகிறேன்?

நான் இதற்கு முன் இமாமாக இருந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மக்தபுக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பத்து வயது இருக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளை. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சத்தமாக ஓதும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவான். சில நாள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தொப்பியை எடுத்துக்கொண்டு தர மாட்டான். அடிக்க மாட்டான், கடிக்க மாட்டான். ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பிறகு நான்கு பெற்றோர்கள் சேர்ந்து வந்தார்கள். “ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. அந்தப் புள்ளைய நிறுத்திருங்க. இல்லேன்னா எங்க புள்ளைங்கள வேற மக்தபுக்கு அனுப்பிக்கிறோம்” என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மறுநாள் அந்தப் பையனின் அத்தா வந்தார். அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. “ஹஜ்ரத், உங்களுக்கு எதுக்குச் சங்கடம். நாங்களே நிறுத்திக்கிறோம். இத்தன நாள் வச்சிருந்தீங்களே, ஜஸாக்கல்லாஹ்” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பள்ளிக்கூடம், பேருந்து, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் கேட்டுக் கேட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து போகப் பழகிய மனிதர் அவர். அல்லாஹ்வின் வீட்டுக்கும் அதே பழக்கத்தோடு வந்து நிற்கிறார்.

நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அஸருக்குப் பிறகு, மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னால், இருபது நிமிடம் அவனுக்கு என்று ஒதுக்கினோம். ஓதி முடித்த பெரிய மாணவன் ஒருவன் வராண்டாவில் அவனோடு உட்காருவான். பிறகு மற்றவர்கள் வந்ததும் கொஞ்ச நேரம் அவர்களோடு இருப்பான். சத்தம் கூடும்போது அவன் அம்மா வந்து கூட்டிப் போய்விடுவார். அவன் ஹாஃபிழ் ஆகவில்லை. ஃபாத்திஹா சூரா வந்தது, குல்ஹுவல்லாஹ் பாதி வந்தது. தொப்பி எடுக்கும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. புகார் சொன்ன நான்கு வீட்டில் இரண்டு வீட்டார் சொன்னபடி பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒரு வீட்டார் திரும்பி வரவே இல்லை.

சகோதரர்களே, அந்தப் பேச்சின் வாடை இங்கும் அடிக்க ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் மிம்பரில் வைத்துப் பேசுகிறேன்.

புகார் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. “உஸ்தாத் நேரமெல்லாம் அந்த ஒரு புள்ளைக்கே போகுது” என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைக்கு ஓர் உஸ்தாத் என்றால் எந்தப் பிள்ளைக்குமே நேரம் போதாது. அதற்கு ஜமாஅத் இன்னொரு உஸ்தாதை வைக்க வேண்டும். இருப்பதில் பலவீனமான பிள்ளையை வெளியே அனுப்பிக் கணக்கைச் சரிசெய்வது எந்த ஊர் நியாயம்? ஆனால் “எங்க புள்ளைக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கும்” என்கிறார்களே, அதில் நியாயமே இல்லை. ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ மூளை முடக்குவாதமோ தொற்றும் நோய் அல்ல. உங்கள் பிள்ளை அங்கே எதையாவது பார்த்துப் பழகினால், பொறுத்துப் போவதைத்தான் பழகும். அது யஸ்ஸர்னல் குர்ஆனில் கிடைக்காத பாடம்.

இப்போது வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். ஒரு குழந்தை குறையோடு பிறந்தது என்றால் நம் ஆட்கள் முதலில் தாயைத்தான் விசாரிக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டே, கிரகணத்தன்று வெளியே போனியா, யார் சாபம் வாங்கினே. கிரகணப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரழி) குழந்தையாக இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்தத் துக்கத்திலும் நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். அந்த நபியின் உம்மத்தில் இருந்துகொண்டு கிரகணத்தைக் காட்டி ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

டவுன் சிண்ட்ரோம் என்பது உடம்பின் செல்களில் 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் வருவது. பெரும்பாலும் அது வழிவழியாக வருவதில்லை. ஆனால் நம் மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், தம்பியை மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். “அந்த வீட்டுல ஒரு மாதிரிப் புள்ள இருக்காமே” என்று ஒருவர் சொன்னால் சம்பந்தம் நின்றுபோகிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவருக்கு அது வெறும் தகவல். அந்தக் குமருக்கு அது வயது ஏறுவது. தம்பிக்கு அது பூட்டிய அறை.

குழந்தையைப் பற்றிக் கேலி பேசுவதை ஹுஜுராத் சூராவின் 11ஆவது வசனம் ஹராமாக்கிவிட்டது. நம் நாட்டுச் சட்டமும் சும்மா விடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆவது பிரிவு, ஒரு மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. சிறைக்குப் பயந்துதான் வாயை அடக்க வேண்டும் என்ற நிலைக்கு ஒரு முஃமின் போகக்கூடாது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேலியே இல்லாமல் காயப்படுத்துவதும் உண்டு. சோதனைக்கு ஆளானவரைப் பார்த்தால், அந்தச் சோதனையிலிருந்து தன்னைக் காத்த அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும் துஆ ஒன்று திர்மிதியில் வருகிறது. நம்மில் பலருக்குத் தெரியும். அதை எப்படி ஓத வேண்டும் என்பதையும் உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள்: மனதுக்குள், அந்த மனிதர் காதில் விழாதபடி. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்அத்கார் கிதாபில் இதற்குக் காரணமும் சொல்கிறார்கள், அவர் உள்ளம் நோகக்கூடாது என்பதற்காக. அல்லாஹ்வைப் புகழும் வார்த்தையையே மெதுவாகச் சொல் என்கிற மார்க்கம் இது. நாமோ வலீமா பந்தியில், அந்தத் தாய் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, நம் பிள்ளையை அணைத்துக்கொண்டு “மாஷா அல்லாஹ், நமக்கு அல்லாஹ் குறையில்லாமக் குடுத்தான்” என்கிறோம். எத்தனை ஜுஸ்உ முடித்தான், எத்தனை மார்க் வாங்கினான் என்று அவர் முன்னாலேயே கணக்குப் போடுகிறோம்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. “கவலப்படாதே, இது சொர்க்கத்துப் புள்ள, உன்ன சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும்.” நல்ல நிய்யத்தோடுதான் சொல்கிறார்கள், கூலி உண்டு என்பதும் உண்மை. ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தத் தாய் இரண்டு வருடமாக ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போனதில்லை; ஒரு ராத்திரி முழுதாகத் தூங்கியதில்லை. “ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கிறேன் லாத்தா, நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

முஸ்லிமில் அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி. அறிவில் சற்றுக் குறைபாடு இருந்த ஒரு பெண், உங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவரை இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று நீயே சொல் என்றார்கள். அவரோடு போய் ஒரு வழியில் நின்று, அவர் சொல்ல வந்ததெல்லாம் முடியும்வரை கேட்டார்கள். அந்தப் பெண் என்ன சொன்னார் என்பது ஹதீஸில் இல்லை. நின்று கேட்டார்கள் என்பதை மட்டும் ஸஹாபாக்கள் பாதுகாத்து நமக்குத் தந்திருக்கிறார்கள்.

வலிப்பு நோய் வந்து விழும் ஒரு கறுப்பினப் பெண்மணியின் செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குணமாக துஆ செய்யவா, பொறுமையாக இருந்து சொர்க்கம் பெறுகிறாயா என்று கேட்டபோது, பொறுமையாக இருக்கிறேன் என்றார். அதோடு ஒன்று கேட்டார்: விழும்போது என் ஆடை விலகாமல் இருக்க துஆ செய்யுங்கள். நபியவர்கள் செய்தார்கள். நோயைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தவருக்கு, பத்துப் பேர் முன்னால் மானம் போவதைத் தாங்க முடியவில்லை. இந்தப் பெண்மணியை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் காட்டித் தந்தது அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கு. அதாஉ யார் தெரியுமா? கால் ஊனமுள்ளவர், ஒரு கண் பார்வையற்றவர். மக்கா ஹரமில் மார்க்கத் தீர்ப்புச் சொன்ன பேரறிஞர். அவருடைய வகுப்பைப் பார்த்து, இவரை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று அந்தக் காலத்துப் பெற்றோர் கேட்டிருந்தால் இந்த உம்மத்துக்கு எவ்வளவு போயிருக்கும். எல்லாப் பிள்ளையும் அதாஉ ஆகாது, அது வேறு விஷயம். ஆகாத பிள்ளைக்கும் பள்ளிவாசலில் இடம் உண்டு.

இனி, இப்படிப் பிள்ளைகளைப் பெற்ற உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அழுவதால் ஸப்ர் போய்விடாது. யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின என்று யூஸுஃப் சூரா சொல்கிறது. அதே சூராதான் அவர்களின் பொறுமையை அழகிய பொறுமை என்றும் சொல்கிறது. தன் துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். நீங்களும் முறையிடுங்கள். யாராவது உங்களைப் பார்த்து இன்னும் அழுகிறாயா என்று கேட்டால், அவர்களுக்கு யூஸுஃப் சூராவை ஓதிக் காட்டுங்கள்.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராக அலைந்து, பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டிய அருமையான வருடங்களைத் தொலைத்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் மனநோயாளிகள், நம் பிள்ளைகளின் நிலை வேறு. ஆனால் வீட்டில் வைத்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அந்தப் பயம் வேறு அல்ல.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதும் உங்கள் விருப்பம்.

மார்க்கக் கடமையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறீர்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. தொழுகை, நோன்பு கடமையில்லை. ஆனால் எல்லாப் பிள்ளையையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். மூளை முடக்குவாதத்தில் கை கால் வராது, பேச்சு குழறும். அறிவு பல பிள்ளைகளுக்குத் தெளிவாக இருக்கும். அவர்களுக்கு முடிந்த அளவில் தொழுகை உண்டு, உட்கார்ந்தோ படுத்தோ. பேச முடியாத பிள்ளைக்குப் புரியவும் புரியாது என்று நாமாக முடிவு கட்டி, அதன் காதுபடவே எல்லாவற்றையும் பேசுகிறோமே, அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

“எங்களுக்குப் பிறகு யார் பாப்பா ஹஜ்ரத்?” இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. வாரிசுரிமையில் இந்தப் பிள்ளையின் பங்கு ஒரு பைசா குறையாது. “அவனுக்கு எதுக்குச் சொத்து, நாங்கதானே பாக்கப் போறோம்” என்று அண்ணன்கள் எடுத்துக்கொள்வது அநியாயம். சொத்தைத் தானே நிர்வகிக்க முடியாதவர் கையில் பொருளை ஒப்படைக்காமல், அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் தந்து, நல்ல வார்த்தை பேசச் சொல்கிறது நிஸா சூராவின் 5ஆவது வசனம். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக எழுதி வைக்கலாமா? பிள்ளைகளுக்கிடையே சமமாகக் கொடுப்பதுதான் முறை. ஆனால் தீராத நோய், பார்வையின்மை போன்ற தேவை இருந்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) அல்முஃக்னியில் எழுதுகிறார்கள். மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து, விளக்கிச் சொல்லிச் செய்யுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அத்தா துபாயில் இருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக நம் பள்ளிவாசல். ஒரு குழந்தையின் அழுகை காதில் விழுந்தால், நீட்டித் தொழ நினைத்த தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள், அதன் தாய் படும் பாட்டை நினைத்து. அழுகிற குழந்தையை ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் நம் ஸஃப்பில் ஒரு பையன் நடுத்தொழுகையில் சத்தம் போடலாம், கைதட்டலாம், ருகூவில் இருக்கும் உங்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஸலாம் கொடுத்ததும் பத்துத் தலைகள் திரும்பி அவன் அத்தாவைப் பார்க்க வேண்டாம்.

ஷவ்வாலில் மக்தப் புது வருடம் தொடங்குகிறது. இரண்டாவது உஸ்தாதுக்கான ஹதியாவையும், ஒழு செய்யும் இடத்துப் படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தையும் பற்றி முத்தவல்லியிடம் பேசியிருக்கிறேன். இன்று தொழுகை முடிந்ததும் நிர்வாகிகள் வாசலில் இருப்பார்கள். எத்தனை வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறோம். யாரும் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் வந்து சொல்லுங்கள், அல்லது என் வீட்டாரிடம் உங்கள் வீட்டுப் பெண்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! கூட்டத்துக்குப் பயந்து பிள்ளையோடு வீட்டுக்குள் இருக்கும் தாய்மார்களுக்கு எங்கள் வீட்டு வாசல்களைத் திறந்து வைப்பாயாக. அவர்களை நோகடிக்கும் சொல்லை எங்கள் நாவில் வரவிடாமல் தடுப்பாயாக. தங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளை யாரிடம் என்று இரவில் விழித்திருப்பவர்களுக்கு, நம்பி ஒப்படைக்கத் தகுந்த கைகளை இந்த ஜமாஅத்திலிருந்தே தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.